மலாக்கா சிவப்புச் சதுக்கம்: போவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூருக்கு வரும் உறவினர்கள் இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் பார்த்து முடித்ததும் அடுத்துக் கேட்பது மலாக்காவைத்தான். பல வருடமாக அவர்களை அழைத்துக்கொண்டு அந்தச் சதுக்கத்துக்குப் போய்வருகிறேன். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இவை. பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் நிறைய. அவர்களை மனத்தில் வைத்துச் சில பதில்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

அந்த இடத்தின் பெயர் என்ன? எப்படி விசாரிப்பது?

வழிகாட்டிப் புத்தகங்களில் டச்சுச் சதுக்கம் என்று இருக்கும். ஊர்க்காரர்கள் "பங்குனான் மேரா" என்பார்கள். மலாயில் சிவப்புக் கட்டடம் என்று அர்த்தம். யாரிடமும் அதைச் சொன்னால் போதும், கை காட்டுவார்கள்.

பெரிய திடலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மலாக்கா ஆற்றுக்கும் சென்ட் பால் குன்றுக்கும் நடுவே அடங்கிக் கிடக்கும் சிறிய இடம் அது. நீளமான ஸ்டாட்ஹைஸ் கட்டடம், அதையொட்டித் தேவாலயம், முன்னால் மணிக்கூண்டும் நீரூற்றும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு நிமிட நடை. சாலையும் பக்கத்திலேயே ஓடுவதால், படம் எடுக்கும் மும்முரத்தில் பின்னால் நகரும்போது வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலாக்கா என்ற பெயர் நெல்லி மரத்திலிருந்து வந்தது. 1400 வாக்கில் இந்த ஊரை நிறுவிய பரமேஸ்வரா ஒரு நெல்லி மரத்தடியில் உட்கார்ந்திருந்ததாகக் கதை. மலாயில் அந்த மரத்துக்கே மலாக்கா என்றுதான் பெயர்.

இந்தச் சிவப்பு டச்சுக்காரர்கள் அடித்த சாயமா?

இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். டச்சுக்காரர்கள் இருந்தவரை இந்தக் கட்டடங்கள் வெள்ளை. தேவாலயத்துக்குச் சிவப்பு அடித்தது 1911-இல், ஆங்கிலேயர் ஆட்சியில். ஏன் சிவப்பு என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மழையில் தெறித்த செம்மண் வெள்ளைச் சுவரை நாசமாக்கியது என்பார் ஒருவர். வெற்றிலை போட்டுச் சுவரில் துப்பினார்கள், அதை மறைக்கத்தான் என்பார் இன்னொருவர். கதைகளாகவே கேட்டு வையுங்கள். இன்று மலாக்கா என்றதும் நம் கண்ணில் வரும் அந்த நிறம் நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு உட்பட்டது என்பதுதான் விஷயம்.

அப்படியானால் சதுக்கத்தில் எதுதான் டச்சுக்காரர்களுடையது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போனால் சதுக்கம் வேறு மாதிரித் தெரியும். நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நீளமாக, வெளியே படிக்கட்டோடு நிற்பது ஸ்டாட்ஹைஸ். பழைய டச்சு மொழியில் நகர மன்றம் என்று பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மலாக்காவைப் பிடித்தது 1641 ஜனவரியில். ஜோகூர் சுல்தானின் துணையோடு மாதக்கணக்கில் முற்றுகையிட்டுத்தான் போர்த்துகீசியரை வெளியேற்ற முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1650 வாக்கில், தங்கள் ஆளுநருக்காக எழுப்பிய கட்டடம் இது. தென்கிழக்காசியாவில் மிஞ்சியிருக்கும் டச்சுக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச்சும் டச்சுக்காரர்களுடையது. மலாக்காவைப் பிடித்து நூறு வருடம் ஆனதன் நினைவாக 1741-இல் அடிக்கல் நாட்டி, 1753-இல் கட்டி முடித்தார்கள்.

அவ்வளவுதான். மணிக்கூண்டு டச்சுக்காரர்களுடையது அல்ல. அதே சிவப்பு என்பதால் கண்ணை ஏமாற்றிவிடும். அது 1886-இல் ஒரு பெரானாக்கான் குடும்பம், அதாவது தலைமுறைகளாக இங்கேயே ஊன்றி மலாய் வழக்கங்களையும் ஏற்ற சீனக் குடும்பம், ஊருக்குக் கொடுத்தது. தந்தை டான் பெங் சுவீயின் விருப்பத்தை மகன் டான் ஜியாக் கிம் நிறைவேற்றிவைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கடிகாரத்தை எடுத்துவிட்டு 1982-இல் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கடிகாரத்தைப் பொருத்தினார்கள். அப்போது ஊரின் பெரியவர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் இங்கே சீனர்களை என்ன பாடு படுத்தியது என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அண்ணாந்து மணி பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீரூற்று விக்டோரியா மகாராணி நினைவாக வைத்தது. அதில் 1837, 1901 என்ற ஆண்டுகளும், மலாக்கா மக்கள் எழுப்பியது என்ற வாசகமும் செதுக்கியிருக்கும். கிட்டப் போய் வாசியுங்கள்.

ஆக, டச்சுச் சதுக்கம் என்று பெயர் பெற்ற இடத்தில் சாயம் ஆங்கிலேயர் காலத்தது, மணிக்கூண்டு சீனக் குடும்பத்துடையது, நீரூற்று விக்டோரியாவுக்கானது.

தேவாலயத்துக்குள் போகலாமா?

கட்டாயம் போங்கள். வெளியே நூறு பேர் நின்றாலும் உள்ளே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இன்றும் வழிபாடு நடக்கும் ஆங்கிலிக்கன் தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம். உள்ளே படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

முதலில் மேலே பாருங்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் அறுத்தது. சுமார் 15 மீட்டர் நீளம், நடுவில் ஒட்டு கிடையாது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் உத்தரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரம் என்று சொல்லாமலே புரியும். என் மாமா ஒருவர், தச்சு வேலை தெரிந்தவர், அங்கே உட்கார்ந்து கழுத்து வலிக்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கீழே பாருங்கள். தரையில் பாவியிருக்கும் கற்களுக்கு நடுவே சில கல்லறைக் கற்கள் இருக்கும். சிலவற்றில் போர்த்துகீசிய எழுத்து, சிலவற்றில் ஆர்மீனிய எழுத்து. ஆர்மீனிய எழுத்தை அதற்கு முன் பார்க்காதவர்கள் அது என்ன மொழி என்றே கண்டுபிடிக்க முடியாது. வளைவும் கொக்கியுமாக வரிசையாக ஓடும். மிதிபட்டு விளிம்பு மழுங்கிய இடத்தில் விரல் வைத்தால் எழுத்தின் பள்ளம் மட்டும் தட்டுப்படும். ஆர்மீனியர்கள் இங்கே எதற்கு வந்தார்கள் என்று தோன்றும். வியாபாரத்துக்குத்தான். சென்னையில் ஆர்மீனியன் தெரு இருப்பதும் அதே காரணத்தால்தான்.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடியில் இந்த மண்ணின் செம்புறாங்கல், அதன் மேல் டச்சுச் செங்கல், அதன் மேல் சீனப் பூச்சு. தரையில் போட்ட கருங்கற்கள் கப்பல்களில் பாரத்துக்காக அடித்தட்டில் ஏற்றி வந்தவை. வாசல் முகப்பை ஆங்கிலேயர் பிற்பாடு சேர்த்தார்கள், ஜன்னல்களையும் சிறிதாக்கினார்கள். மணியில் 1698 என்று இருக்கிறது. தேவாலயம் கட்டுவதற்கு முன்பே அது வேறெங்கோ அடித்துக்கொண்டிருந்த மணி.

ஸ்டாட்ஹைஸ் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கொடுத்துப் போகலாமா?

வெயில் தாங்காவிட்டாலும் மழை பிடித்துக்கொண்டாலும் போங்கள். மலாக்காவின் வரலாறு, பல இனத்தாரின் திருமண உடைகள், பழைய பாத்திர பண்டங்கள் எல்லாம் இருக்கின்றன. காட்சிப் பலகைகள் அதிகம், வாசித்துக்கொண்டே போனால் அலுப்புத் தட்டும். எனக்கு அங்கே பிடித்தது கட்டடம்தான். சுவரின் தடிமனையும் மரத்தளத்தையும் ஜன்னல் கதவுகளின் கனத்தையும் பார்த்தால் கட்டியவர்கள் நெடுநாள் இருக்கும் எண்ணத்தோடு வந்தது தெரியும். நேரம் குறைவென்றால் இதை விட்டுவிட்டு ஆற்றைக் கடப்பதே நல்லது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

போர்த்துகீசியர் 130 வருடம் ஆண்டார்களே, அவர்கள் கட்டியது எங்கே?

1511 ஆகஸ்டில் அஃபோன்சோ டி அல்புகெர்க்கி மலாக்காவைப் பிடித்தார். சண்டை பிரதானமாக ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றுவதற்காகவே நடந்தது. இன்று சதுக்கத்தின் ஓரத்தில் நீங்கள் கடக்கும் பாலம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிடித்த கையோடு ஆ ஃபமோசா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? சுல்தான் காலத்து மசூதியையும் அரச கல்லறைகளையும் பிரித்து எடுத்த கற்கள் அதில் போயின. குன்றைச் சுற்றிச் சுவரும் கொத்தளங்களுமாக ஒரு நகரமே உள்ளே அடங்கியிருந்தது. டச்சுக்காரர்கள் பிடித்த பிறகு அதைச் செப்பனிட்டுத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அதை அழித்தவர்கள் ஆங்கிலேயர். ஐரோப்பாவில் நெப்போலியப் போர்கள் நடந்த காலத்தில் மலாக்கா தற்காலிகமாக அவர்கள் கையில் இருந்தது. மறுபடி டச்சுக்காரருக்குக் கொடுக்க நேர்ந்தால் கோட்டை அவர்களுக்குப் பயன்படக்கூடாது என்று 1807-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். அதைச் சிறுவனாக நேரில் பார்த்தவர் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. யானை அளவு, வீட்டளவு கற்கள் எழும்பிக் கடலில் விழுந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மிஞ்சியது ஒரே ஒரு வாசல். சதுக்கத்திலிருந்து குன்றைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தால் போர்த்தா டி சான்டியாகோ வரும். நெற்றியில் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் செதுக்கியிருக்கும். கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. நம்மவர்களுக்கு அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும் கப்பலோட்டிய தமிழரின் நினைவு வரும், என் சித்தப்பாவுக்கும் வந்தது. போர்த்துகீசியர் கட்டிய வாசலில் டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

குன்றின் மேல் ஏற வேண்டுமா?

முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள், படி அதிகமில்லை. மேலே கூரையில்லாத சென்ட் பால் தேவாலயம். 1521-இல் போர்த்துகீசியர் சிற்றாலயமாகத் தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர் 1545-இல் இங்கே வந்தார். சீனக் கரையோரம் இறந்த அவர் உடலை 1553-இல் இங்கேதான் சில மாதம் அடக்கம் செய்திருந்தார்கள், பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழி கம்பித் தடுப்புக்குள் இன்னும் இருக்கிறது. முன்னால் நிற்கும் அவர் சிலைக்கு வலது கை இல்லை. மரம் விழுந்து உடைந்தது.

உள்ளே சுவரோரமாக ஆளுயர டச்சுக் கல்லறைக் கற்களைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். முன்பு குன்றுக்கு வெகு கிட்டத்தில் இருந்த கடல் அது. மண் கொட்டி நிரப்பியதில் தள்ளிப்போய்விட்டது.

தமிழர்களுக்கும் இந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பேன். ரப்பர் தோட்டங்களுக்கு நம் மக்கள் வருவதற்கு நானூறு வருடத்துக்கு முன்பே இந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். சுல்தான் காலத்தில் வியாபாரிகளைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள். அவர்களில் ஒருவர் சோழமண்டலக் கரை, வங்காளம், பர்மாவின் பெகு, சுமத்ராவின் பாசாய் வணிகர்களுக்கானவர். 1512-லிருந்து 1515 வரை இங்கே இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். அல்புகெர்க்கி ஊரைப் பிடித்ததும் இந்துக்களுக்கு பெண்டஹாராவாக, அதாவது தலைவராக, நியமித்தது நைனா சாத்து என்ற தமிழ் வணிகரை. சிறையில் கிடந்த போர்த்துகீசியருக்கு அவர் முன்பு உதவியிருந்தார்.

மேலே சொன்ன முன்ஷி அப்துல்லாவின் குடும்பத்திலும் அரபு வழியோடு தமிழ் வழியும் உண்டு. சிறுவயதில் தன்னைத் தமிழ் கற்க அனுப்பியதை எழுதியிருக்கிறார். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்பதால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அன்றைய மலாக்கா வழக்கமாம். இதை முதல் தடவை வாசித்தபோது அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இப்போது பாலத்தைக் கடந்து ஜோங்கர் தெருவுக்கு அடுத்த சந்துகளுக்குள் போங்கள். பொற்கொல்லர் தெரு என்று அர்த்தம் வரும் ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் தைவநாயகம் செட்டியிடம் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. மலேசியாவில் இன்றும் பூஜை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பக்கத்திலேயே 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கம்போங் கிளிங் மசூதி. குவிமாடம் கிடையாது, மூன்றடுக்குக் கூரை, மினாரைப் பார்த்தால் சீனக் கோபுரம் மாதிரி இருக்கும். கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல். இன்று நம்மைப் பார்த்து அதைச் சொன்னால் வசை. ஊர்ப்பெயரில் இருப்பது வசையாவதற்கு முந்தைய வழக்கு, அதனால் பலகையைப் பார்த்து மனம் புண்பட வேண்டாம்.

அந்த விநாயகர் கோயில் மலாக்காச் செட்டிகளுடையது. அந்தக் கால வணிகர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். மலாய்ச் சாயலுள்ள மொழி பேசுவார்கள், பெண்கள் கெபாயா உடுத்துவார்கள், சமையலில் சம்பலும் தேங்காய்ப்பாலும் இருக்கும். ஆனால் சைவ வழிபாட்டை விடவில்லை. போகி அன்று "பார்ச்சு" என்று முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். காஜா பெராங்கில் அவர்கள் ஊரான கம்போங் செட்டியும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. சதுக்கத்திலிருந்து கிராப் என்ற வாடகைக் காரில் சில நிமிடம். தமிழ் பேசாவிட்டால் தமிழரா என்று அங்கே போய்க் கேட்காதீர்கள். நம்மில் பலர் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தியிருக்கிறார்கள்.

நம்மை ஆண்டவர்கள் கட்டியதை இவ்வளவு ரசிக்கலாமா?

என் தம்பி மகள் கேட்ட கேள்வி. கட்டளை இட்டது அவர்கள், கல் சுமந்ததும் சுவர் எழுப்பியதும் இந்த ஊரில் இருந்த கைகள் என்று அவளிடம் சொன்னேன். அப்புறம் சான்டியாகோ வாசலுக்கு எதிரே இருக்கும் பாடாங் பஹ்லாவானுக்கு அழைத்துப் போனேன். 1956 பிப்ரவரி 20-இல், பின்னர் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனிலிருந்து திரும்பி, சுதந்திரம் எப்போது கிடைக்கும் என்று முதலில் அறிவித்தது அந்தத் திடலில்தான். அதற்கு மலாக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பியரிடம் 1511-இல் முதலில் போன ஊர் இதுதான்.

எப்போது போவது நல்லது?

வார நாளில், காலை எட்டு மணிக்குள். வருடம் முழுக்க ஒரே வெயில்தான், மாதம் பார்த்துப் பயனில்லை. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டும். சிங்கப்பூர் பள்ளி விடுமுறையில் காலை வைக்க இடமிருக்காது. பிற்பகலில் திடீர் மழை சகஜம், குடை வைத்திருங்கள். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வேண்டுமென்றால் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான் கூடும்.

எப்படிப் போவது?

கோலாலம்பூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். தெற்கு ஒருங்கிணைந்த முனையமான டி.பி.எஸ்.ஸிலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்குப் பேருந்து, இரண்டு மணி நேரம். அங்கிருந்து சதுக்கம் சில கிலோமீட்டர், உள்ளூர்ப் பேருந்தோ கிராப் வண்டியோ பிடிக்கலாம். சொந்தக் காரில் வந்தால் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் தேடி அலையாமல் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பொம்மை வைத்து அலங்கரித்த ரிக்‌ஷாவில் ஏறலாமா?

குழந்தைகள் இருந்தால் வேறு வழியில்லை, ஏறித்தான் ஆக வேண்டும். காகிதப் பூவும் விளக்கும் சுற்றி, பாட்டை உச்சத்தில் வைத்திருப்பார்கள். நம் முகத்தைப் பார்த்ததும் தமிழ்ப் பாட்டுக்கு மாற்றும் ஓட்டுநர்களும் உண்டு. எவ்வளவு நேரம், எங்கெல்லாம், எத்தனை ரிங்கிட் என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இந்த வெயிலில் ஆட்களை ஏற்றி மிதித்துப் போகும் வேலை அது. நியாயமான விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு?

சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் தெமெங்கோங் பக்கம் லிட்டில் இந்தியா இருக்கிறது. வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், சைவர்களுக்கும் கவலையில்லை. மற்றவர்கள் நியோன்யா லக்சாவும் அசாம் பெடாஸ் மீன் குழம்பும் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்பும் காரமும் நம் நாக்குக்குப் பழகியவைதான். வெயிலுக்கு செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு. அதில் ஊற்றும் கறுப்பு வெல்லப்பாகுதான் குலா மலாக்கா, தென்னம்பாளையில் இறக்கிக் காய்ச்சியது.

வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. சதுக்கம் சமதளம், தேவாலயத்தில் உட்கார இருக்கை உண்டு. குன்றையும் ஸ்டாட்ஹைஸ் மாடியையும் விட்டுவிடுங்கள். பதிலுக்கு ஆற்றுப் படகில் ஏற்றுங்கள், முக்கால் மணி நேரம் உட்கார்ந்தபடியே ஊரின் பின்பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

படம் எடுக்கப் பத்து நிமிடம். தேவாலயத்துக்குள் பத்து நிமிடம், உத்தரத்தையும் தரையையும் பார்க்க. அருங்காட்சியகமும் குன்றும் வேண்டாம். பாலத்தைக் கடந்து விநாயகர் கோயிலுக்கு நடந்துவிடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். பூஜை நேரமாக இருந்தால் இந்தப் பக்கம் மணியோசையும், நேரம் ஒத்துவந்தால் அந்தப் பக்கம் மசூதியின் பாங்கும் கேட்கும். பேருந்துக்கு நேரமாகும்வரை அங்கேயே இருங்கள்.